சுண்ணாம்பு பூசிய ஓடு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

கல்லூரியில் சேர வந்த நாளன்று எனக்குக் கொடுத்த விண்ணப்பப் படிவத்தில் 'தாயின் கல்வித் தகுதி' என்றொரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். தந்தையின் கட்டத்திலும் அதே சொல்தான். ஆனால் தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சொல் இனி அவரை ஒன்றும் செய்யாது. அம்மாவோ என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி எழுதினே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லேம்மா" என்றேன். சொன்னது என்னவோ உண்மைதான்!

முதலாண்டில் உதவித்தொகைப் படிவத்தில் கைநாட்டு வைப்பதற்காக அம்மா ஒரு முறை கல்லூரிக்கு வந்தாள். களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவித் தடவி அவளுடைய ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் வெளுத்தே இருக்கும். வகுப்புத் தோழர்கள் வருவதைக் கண்டதும் அவளை வேப்பமரத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று சொல்லி அவசரமாக அனுப்பியும் வைத்தேன். பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதையெல்லாம் ஆண்டு மலரில் எழுத வேண்டுமா என்று பலமுறை யோசித்தேன். எழுதத் துணிந்ததற்குக் காரணம், நான் கண்ணால் பார்த்திராத மெக்சிகோ நாட்டுப் பெண்கள். அவர்களுடைய அடுப்பும் அதன்மேல் இருக்கும் ஒரு மண் ஓடும் எனக்குக் கற்பித்ததைச் சொல்லவே இக்கட்டுரை.

* * *

இந்த ஆண்டு வைட்டமின்களைப் பற்றிய பாடம் நடந்தபோது எங்கள் பேராசிரியர் நியாசின் குறைவால் வரும் 'பெல்லாக்ரா' என்ற நோயைப் பற்றிச் சொன்னார். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களை வாட்டிய நோய் அது. பாடத்தை முடிக்கும்போது, "ஆனால் மக்காச்சோளம் பிறந்த நாட்டில், அதையே மூன்று வேளையும் உண்ட மக்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் வரவில்லை. ஏன் என்று நூலகத்தில் தேடிப் பாருங்கள்" என்றார்.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளம் கண்ணுக்கெட்டிய தூரம் விளைகிறது. அம்மா கதிர் ஒடிக்கக் கூலிக்குப் போகிறாள். மூட்டைகள் லாரியேறி நாமக்கல்லுக்குக் கோழித் தீனியாகப் போய்விடும். எங்களுக்கு அதில் மிஞ்சுவது மாலையில் சுட்டுத் தின்னும் ஓரிரு கதிர்கள்தான். அதில் ஒரு நாட்டின் உயிரே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நூலகத்துக்குப் போனேன்.

* * *

மெக்சிகோ நாட்டுக் கிராமத்தின் பழைய அடுப்பு மூன்று கற்களால் ஆனது. நம் வீட்டுப் பெண்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கற்களின்மேல் வட்டமான, தட்டையான மண் ஓடு ஒன்று இருக்கும். அதன் பெயர் 'கோமால்'. ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாத்து மொழியில் அது 'கோமால்லி'. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்தார்கள். அரசு மாறிற்று, மதம் மாறிற்று, பேச்சு மொழியும் பெரும்பாலும் மாறிற்று. அடுப்பின்மேல் இருந்த ஓட்டின் பெயர் மட்டும் மாறவில்லை!

வஹாக்கா மாநிலத்தில் சான் மார்க்கோஸ் த்லாப்பசோலா என்ற சிற்றூரில் சாபோத்தெக் இனப் பெண்கள் சிவப்பு மண்ணில் கோமால் செய்கிறார்கள். குயவர் சக்கரம் இல்லை, கைதான் சக்கரம். மண்ணைத் தட்டி, வளைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, திறந்த வெளியில் விறகடுக்கிச் சுட்டெடுக்கிறார்கள்.

புது ஓட்டை அப்படியே அடுப்பில் ஏற்றமாட்டார்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து அதன் முகமெங்கும் பூசி, மெல்லிய தீயில் காய வைப்பார்கள். அப்போதுதான் மாவு ஒட்டாது. பூச்சு தேய்ந்து போனால் மறுபடியும் பூசுவார்கள். கரிபிடித்த மூன்று கற்களின்மேல் அந்த வெள்ளை வட்டம் நிலவைப்போல் இருக்கும்.

ஓட்டுக்கு மட்டுமா சுண்ணாம்பு? உணவுக்கே அதுதான் அடிப்படை. முதல் நாள் மாலையில் உலர்ந்த சோளத்தைத் தண்ணீரிலிட்டு, அதில் சுண்ணாம்பைக் கரைத்துக் காய்ச்சுகிறார்கள். சோளத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு போதும். அதை அவர்கள் தராசில் நிறுப்பதில்லை, கைதான் அளவு. ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார்கள். தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் இறக்கிவிட்டு, இரவு முழுவதும் ஊற வைப்பார்கள். காலையில் கழுவினால் தோல் கழன்று போகும். இப்படிப் பக்குவமான சோளத்துக்கு 'நிஷ்டமால்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குள் 'சாம்பல்' என்ற பொருளுடைய நாவாத்துச் சொல் ஒளிந்திருக்கிறது. சாம்பலிலும் காரம் உண்டல்லவா?

அடுத்தது அரைப்பது. எரிமலைக் கல்லில் செதுக்கிய, மூன்று கால்களுள்ள, சாய்வான அம்மி ஒன்று. அதற்கு 'மெத்தாத்தே' என்று பெயர். பெண்கள் அதன் முன் மண்டியிட்டு அமர்ந்து, குழவியை இரு கைகளாலும் முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்கள். அரைத்த மாவை எலுமிச்சையளவு உருட்டி, இரு உள்ளங்கைகளுக்கிடையே மாற்றி மாற்றித் தட்டி வட்டமாக்குவார்கள். அந்த வட்டம் கோமாலின்மேல் விழும். சில நொடிகளில் ஓரம் நிறம் மாறும். விரல் நுனியால் திருப்புவார்கள். இரண்டாம் பக்கம் சற்றுக் கூடுதலான நேரம். மீண்டும் ஒரு முறை திருப்பியதும் உள்ளே சிக்கிய நீராவி அதைப் பந்துபோல் உப்ப வைக்கும். இதுதான் 'தொர்தீயா', அவர்களுடைய சோறு.

அதே ஓட்டில்தான் மற்றவையும். தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு ஆகியவற்றைத் தோல் கருகும்வரை சுட்டு, கல் உரலில் நசுக்கினால் 'சல்சா' என்ற துவையல். காய்ந்த மிளகாயை வாட்டுவது, எள்ளையும் பூசணி விதையையும் கொக்கோ விதையையும் வறுப்பது எல்லாம் அந்த வெள்ளை வட்டத்தின் மேல்தான். மிளகாயை வாசம் வரும்வரை வாட்ட வேண்டும். ஒரு கணம் தவறினால் கசந்துவிடும். நம் சமையலறையில் இன்று நீங்காமல் இருக்கும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த விருந்தாளிகள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழ 1541ஆம் ஆண்டில் மெக்சிகோவில் எழுதப்பட்ட 'மெண்டோசா சுவடி' இன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் பிள்ளைகளை வளர்க்கும் முறையைப் படங்களாக வரைந்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரைத் தொர்தீயா. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இரண்டு. அந்தப் பெண் அம்மியின் முன் மண்டியிட்டு அரைக்கிறாள். அருகே மூன்று கல் அடுப்பும் அதன்மேல் ஓடும் இருக்கின்றன. எதிரே தாய் அமர்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். அவள் பேசுகிறாள் என்பதற்கு அடையாளமாக வாயருகே ஒரு சிறு சுருள் வரையப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு வகுப்பறைதானே!

பெர்னார்டினோ தெ சஹாகூன் என்ற ஸ்பானியத் துறவி அதே நூற்றாண்டில் அம்மக்களின் வழக்கங்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். சோளத்தைப் பானையில் போடுமுன் பெண்கள் அதன்மேல் மூச்சுக் காற்றை ஊதுவார்களாம், அது வெப்பத்துக்கு அஞ்சாமல் இருக்க வேண்டுமென்று. தரையில் சிந்திய சோளத்தைக் கண்டவர் பொறுக்கியெடுக்காமல் போனால், அது அழுதுகொண்டே கடவுளிடம் முறையிடுமாம். கோமாலில் போட்ட தொர்தீயா மடங்கிக்கொண்டால் வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்று பொருளாம். காக்கை கரைந்தால் எங்கள் வீட்டில் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் வியக்கவே இல்லை. "பின்னே?" என்றாள்.

* * *

இனி நோயின் கதை.

கொலம்பசின் பயணங்களுக்குப் பின் மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. குறைந்த நிலத்தில் நிறைய விளைந்ததால் அது ஏழைகளின் உணவாயிற்று. 1735இல் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் ஸ்பெயின் நாட்டுக் குடியானவர்களிடம் ஒரு புதிய நோயைக் கண்டார். தோல் வெடிக்கும், வயிறு கெடும், முடிவில் மூளையும் கலங்கும். 1771இல் இத்தாலிய மருத்துவர் ஒருவர் 'சொரசொரப்பான தோல்' என்ற பொருளில் அதற்குப் பெல்லாக்ரா என்று பெயரிட்டார். பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது பரவியபோது, 1906க்கும் 1940க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடுகிறார்கள்.

தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1914 முதல் ஆராய்ந்து, இது உணவுக் குறை என்றார். யாரும் ஏற்கவில்லை. 1916இல் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு காட்டினார். அவருடைய மனைவியும் ஊசி போட்டுக்கொண்டார். இருவருக்கும் நோய் வரவில்லை. ஆனால் உணவில் குறைந்த பொருள் எது என்று அறியுமுன் 1929இல் அவர் காலமானார். 1937இல்தான் கான்ராட் எல்வெய்ம் என்ற வேதியியலறிஞர் அது நிக்கோட்டினிக் அமிலம், அதாவது நியாசின், என்று காட்டினார்.

மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கிறது. ஆனால் அது எஸ்டர் பிணைப்பால் கட்டுண்டு கிடப்பதால் நம் குடல் அதை எடுத்துக்கொள்ள முடியாது. காரம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. நண்பர்களே, எஸ்டரைக் காரத்தால் நீராற்பகுக்கும் சோதனையை நாம் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டு செய்தோமே, அதுவேதான்! சுண்ணாம்பு அதோடு நிற்கவில்லை. மேல் தோலைக் கரைத்தது. மாவு ஒன்றோடொன்று ஒட்டும் பக்குவத்தைக் கொடுத்தது. எலும்புக்குக் கால்சியம் சேர்த்தது. உடன் உண்ட அவரைப் பயறு மற்றக் குறைகளை நிரப்பிற்று. இதையெல்லாம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வந்தவர்களுக்கு நியாசின் என்ற பெயர் தெரியாது. அவர்களில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

கப்பலேறி வந்தவர்கள் தானியத்தை எடுத்துச் சென்றார்கள். அதைச் சமைத்த தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுண்ணாம்பு எதற்கு என்று ஒருவராவது கேட்டு, கேட்டதைப் போற்றிப் பின்பற்றியிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும்! நூலகத்தில் இதை எண்ணியபோது எனக்கு வேப்பமரம் நினைவுக்கு வந்தது.

* * *

அன்று மாலையே வீட்டில் செய்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். அரைக்கிலோ சோளம், அதற்கு ஐந்து கிராம் சுண்ணாம்பு. கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அம்மாவிடம் சுண்ணாம்பு கேட்டேன்.

"கோழித் தீனிக்கு எதுக்குடா சுண்ணாம்பு? கோழி வெத்தலை போடப்போகுதா?" என்று சிரித்தாள். விவரம் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்புக்கு அருகே வந்து உட்கார்ந்தாள்.

காகிதத்தில் நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தேன். எங்கள் சோளம் கல்போல் காய்ந்தது. என் காகிதத்துக்கு அது கட்டுப்படவில்லை. "நேரத்தைப் பாக்காதே, மணியைப் பாரு" என்று அம்மா ஒரு மணியை எடுத்து நகத்தால் கிள்ளினாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு, "எறக்கு" என்றாள். நூல் சொன்னதைப் போலவே தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் அந்த நூலைப் படித்தவளல்லள்.

மறுநாள் காலையில் அம்மியில் அரைத்தேன். கால் மணி நேரத்தில் தோள் இற்றுப்போயிற்று. மீதியை அம்மாதான் அரைத்தாள். நான் தட்டிய முதல் வட்டம் ஓரமெல்லாம் வெடித்தது. "மாவு தவிச்சுக் கெடக்குது, கொஞ்சம் தண்ணி குடு" என்று தெளித்துப் பிசைந்தாள். இரண்டாவது ஓட்டிலேயே ஒட்டிக்கொண்டது. ஓடு என்றால், உடைந்த பானையின் அடிப்பகுதி. அதில்தான் அவள் கடலை வறுப்பாள். சுண்ணாம்பு பூசும் செய்தியை நான் மறந்தே போயிருந்தேன். சொன்னதும், "பொங்கலுக்குச் செவுத்துக்கு அடிக்கிற மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, தேங்காய் நாரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்து ஓட்டைத் துடைத்து வெளுக்க வைத்தாள்.

மூன்றாவது வட்டம் ஒட்டவில்லை. திருப்பினோம். மறுபடியும் திருப்பினோம். மெல்ல, ஒரு பக்கமாகத் தொடங்கி, முழுவதும் உப்பிற்று!

அதே ஓட்டில் தக்காளியும் மிளகாயும் சுட்டு, அம்மியில் வைத்து நசுக்கித் தொட்டுக்கொண்டு தின்றோம். மண்ணும் புகையும் சோளமும் கலந்த ஒரு மணம். அம்மா இரண்டு தின்றாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ருசியாத்தான் இருக்குது. ஆனா தெனம் இப்பிடி அரைக்கிறவ இடுப்பு என்னாத்துக்கு ஆகும்?" என்றாள்.

நூல்களைப் படித்து நெகிழ்ந்த எனக்கு அது தோன்றவில்லை. அரைத்தவளுக்குத்தான் அரைப்பவளின் வலி தெரிந்தது. மெக்சிகோவிலும் பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் அரைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஊர்தோறும் நிஷ்டமால் அரவை ஆலைகள் வந்தபோது அந்தப் பாரம் குறைந்தது. இன்று பல வீடுகளில் இரும்புக் கோமாலும் எரிவாயு அடுப்பும் இருக்கின்றன. மூன்று கல் அடுப்பின் புகை நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால், மிச்சோவகான் மாநிலத்தில் புகைபோக்கி வைத்து, மேலே கோமால் பதித்த 'பத்சாரி' என்ற அடுப்பைப் பரப்பினார்கள். பழையதைப் போற்றுவதென்றால் பழைய வலியையும் சேர்த்துப் போற்றுவதாகாது. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையில் பாதி, வலித்த இடுப்புகளுக்கு உரியது.

பாத்திரம் கழுவும்போது அம்மா கேட்டாள்: "இந்தச் சுண்ணாம்பு போடுறதைக் கண்டுபுடிச்சாளே, அவ பேரு என்னா தம்பி?"

"தெரியாதும்மா. யாரும் எழுதி வைக்கலே."

"நீ பெரிய பொஸ்தகமெல்லாம் பாத்தியே, அதுல கூடவா இல்லே?"

இல்லை. கண்டறிந்த மருத்துவர்களின் பெயர்கள் எல்லாம் ஆண்டோடு இருக்கின்றன. முதன்முதலில் சோளப்பானையில் காரம் கலந்தவளின் பெயர் எங்குமே இல்லை. டயானா கென்னடி என்ற ஆங்கிலேயப் பெண்மணி மெக்சிகோவின் ஊர் ஊராகச் சென்று சமையலைக் கற்று, 1972இல் தம் முதல் நூலை வெளியிட்டார். கற்றுக்கொடுத்த பெண்களின் பெயர்களைத் தம் நூல்களில் எழுதி வைத்தது அவர் செய்த நற்செயல். எல்லாரும் அப்படிச் செய்யவில்லை.

* * *

இந்த ஆண்டும் உதவித்தொகைப் படிவம் வந்தது. அதே கட்டம். வேறு சொல் எழுத அதில் இடமில்லை. ஆகவே 'இல்லை' என்றே எழுதினேன். ஆனால் கைநாட்டு வைக்க அம்மா வந்தபோது, அவளை வேதியியல் துறைக்கே அழைத்துச் சென்றேன். ஆய்வுக்கூடத்தைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். தராசையும் குடுவைகளையும் காட்டினேன். எங்கள் பேராசிரியர் வெளியே வந்து, "வாங்கம்மா, உங்களைப் பத்தித் தம்பி சொன்னான். சோளம் வெந்துதா இல்லையான்னு எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே, வெளுத்த விரல் நுனியை மடக்கி, நகத்தால் கிள்ளும் விதத்தைச் செய்து காட்டினாள். அவர் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

நம்மில் பலருடைய படிவத்தில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்றே இருக்கும். தோழர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் அன்னையிடம், அப்பத்தாவிடம், அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். ஏன் அப்படிச் செய்கிறாய் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மறவாமல், சொன்னவரின் பெயரையும் அதில் எழுதி வையுங்கள்.